சம்பளம் தவிர எல்லாம் கேட்கலாம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலைப் பேப்பரில் செய்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். திருப்பினால் இன்னொன்று. மூன்றாம் பக்கத்தில் ஒரு வேந்தரும் அவருடைய வாரிசுகளும் கோட்டு போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். இதையெல்லாம் தாண்டிப் போனால் ‘என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம்’ என்று அரைப் பக்கக் கட்டுரை இருக்கும். அதில் தவறாமல் ஒரு வரி: ‘ஊடகத் துறையில் வேலைவாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன.’ அந்த வரியை டைப் அடித்த உதவி ஆசிரியருக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

அதே பேப்பர் அடுத்த சனி, ஞாயிறில் கல்விக் கண்காட்சி நடத்தும். கல்லூரிகள் ஸ்டாலுக்கு வாடகை கட்டும். மேடையில் ‘ஊடகத் துறையில் எதிர்காலம்’ என்று பேச ஒரு மூத்த பத்திரிகையாளரைக் கூட்டி வருவார்கள். செலவுக் குறைப்பில் அதே பேப்பர் வீட்டுக்கு அனுப்பிய ஆளாக இருந்தால் இன்னும் வசதி, கூப்பிட்ட நேரத்துக்கு வருவார்.

இப்படித்தான் வருஷா வருஷம் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு விஸ்காம் என்று பெயர். முழுப் பெயர் பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன். அறிவியல் பட்டம், ஐயா! இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று நானும் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரசீதில் ‘லேப் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி போடப் பட்டம் பி.எஸ்சி.யாக இருப்பது பொருத்தம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் பிடிபடவில்லை. அரசு உதவி பெறும் கல்லூரிகளில்கூட இந்தத் துறை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் கிடக்கும். தமிழும் வரலாறும் அரசாங்கச் சம்பளத்தில் காலையில் நடக்கும். விஸ்காம், பிள்ளைகள் கட்டும் பீஸில் நடக்கும்.

அந்த லேபை ஒருமுறை போய்ப் பாருங்கள். வகுப்பில் அறுபது பேர், கேமரா மூன்று. மூன்றில் ஒன்றுக்குச் சார்ஜர் இல்லை. ஒன்று துறைத் தலைவரின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, சாவி அவருடைய கைப்பையில். மிச்சமிருக்கும் ஒன்றை ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று கை மாற்றி மாற்றிப் பிள்ளைகள் படம் எடுக்க வேண்டும். எடுத்த படத்தை பிரிண்ட் போட்டு ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ஷட்டர் ஸ்பீடு, அப்பெர்ச்சர் எல்லாம் எழுதி, கீழே சைன் வாங்க வேண்டும். நோட்டில் மார்ஜின் சரியாகப் போடாத பிள்ளைக்கு சைன் கிடையாது. படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கும் நாக் குழு வருகிறது என்றால் மட்டும் அந்தக் கட்டடத்துக்கு உயிர் வந்துவிடும். ஸ்டுடியோவின் பூட்டைத் திறக்கிறார்கள், பச்சைத் துணி புதிதாகத் தொங்குகிறது, வாடகைக்கு எடுத்த லைட்டுகள் எரிகின்றன, செய்தி வாசிப்பதுபோல் ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள். குழு கிளம்பிய மறு மணி நேரமே லைட் வாடகைக்காரர் டெம்போவோடு வாசலில் நிற்பார். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்துக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு ஏ பிளஸ் பிளஸ் கொடுக்கப் பணம், தங்கம், லேப்டாப், செல்போன் என்று லஞ்சம் வாங்கினார்கள் எனச் சொல்லி நாக் குழுவின் தலைவர் உட்படப் பத்துப் பேரை சி.பி.ஐ. கைது செய்தது. நம் பிள்ளைகளுக்கு மூன்று வருஷமாகக் கண்ணில் படாத லேப்டாப் அங்கே பரிசுப் பொருளாகக் கை மாறியிருக்கிறது.

லேப் போகட்டும். பாடத்திட்டத்தில் தத்துவத்துக்குக் குறைச்சல் இல்லை. 1948ல் ஹெரால்ட் லாஸ்வெல் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரம் சொன்னார். யார், எதை, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு சொல்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னார். நம் பிள்ளைகள் இன்றுவரை இதை ஐந்து மார்க்குக்கு ஐந்து வரியாக எழுதுகிறார்கள். முதல் கேள்வியே ‘யார்’. எந்தச் சேனல் எந்தக் கட்சிக் குடும்பத்துடையது, எது கல்லூரி முதலாளியுடையது, எதற்குப் பின்னால் கனிமப் பணம் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். விடைத்தாளில் ஒரு மாணவன் எழுதினால்தான் வாத்தியாருக்கு வயிற்றைக் கலக்கும். சில ஊர்களில் அந்த ‘யார்’தான் வாத்தியாரின் சம்பளச் செக்கிலும் கையெழுத்துப் போடுகிறார்.

கடைசிக் கேள்வி ‘என்ன விளைவு’. டிவிக்காரர்களுக்கு அதன் பெயர் டி.ஆர்.பி. வீட்டுக்காரர்களுக்குப் பணம் கொடுத்து டிவியை ஓடவிட்டார்கள் என்று மும்பையில் வழக்கு வெடித்ததும், 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களுக்கான ரேட்டிங்கை, அதைக் கணக்கெடுக்கும் ‘பார்க்’ அமைப்பு நிறுத்திவைத்தது. 2022 மார்ச் வரை ரேட்டிங் கிடையாது. ‘டி.ஆர்.பி.க்காகத்தான் இப்படிக் கத்த வேண்டியிருக்கிறது’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்தப் பதினேழு மாதத்தில் எந்த விவாத மேடையிலாவது ஒருத்தர் குரலைத் தாழ்த்தினாரா?

அப்புறம் வாயிற்காப்போன் கோட்பாடு. 1950ல் டேவிட் ஒயிட் என்பவர் ஒரு சிறு நகரப் பத்திரிகையின் ஏஜென்சிச் செய்தி ஆசிரியரைப் பற்றி ஆய்வு எழுதினார். ஒரு வாரம் வந்த செய்திகளில் பத்தில் ஒன்பது பங்கை அவர் தள்ளிவிட்டிருந்தார். ஒவ்வொன்றையும் ஏன் தள்ளினேன் என்று எழுதியும் வைத்திருந்தார். அவருக்கு ஆய்வில் வைத்த பெயர் ‘மிஸ்டர் கேட்ஸ்’. நம் ஊர் அவுட்புட் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் மிஸ்டர் கேட்ஸுக்கு இவ்வளவு எழுத்து வேலை இல்லை. ‘மார்க்கெட்டிங்கிலிருந்து போன் வந்தது’ என்றால் போதும், செய்தி தூக்கப்பட்டுவிடும்.

இவ்வளவு சொல்லிக்கொடுக்கிறவர்கள் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த நாட்டில் 1955ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் என்று ஒன்று வந்தது. நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் ஒரு பத்திரிகையாளரிடம் வேலை வாங்கக் கூடாது, வாரத்தில் 24 மணி நேரம் தொடர்ச்சியாக ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் நாளைக்கு ஆறு மணி நேரம். இதை இப்போது டெஸ்க்கில் வேலை பார்க்கும் பையனிடம் சொல்லிப் பாருங்கள், வாட்ஸ்அப் வதந்தி என்று நினைத்து ஃபேக்ட் செக் போட்டுவிடுவான்.

அந்தச் சட்டத்தின் பேரில்தான் ஊதிய வாரியங்கள் வந்தன. கடைசியாக வந்தது மஜீதியா வாரியம். 2011 நவம்பர் 11ல் அரசு அதன் பரிந்துரையை அறிவித்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2014 பிப்ரவரி 7ல் தோற்றார்கள். தோற்ற பிறகும் கொடுக்கவில்லை. வாரியத்தின் பரிந்துரையில் 20(ஜே) என்று ஒரு பத்தி இருந்தது. இப்போது வாங்கும் சம்பளமே போதும் என்று ஊழியர் எழுதிக்கொடுத்தால் அதிலேயே தொடரலாம் என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்கள், எந்தக் கடை ஊழியனாவது, எந்த மில் தொழிலாளியாவது ‘ஐயா, எனக்குச் சட்டம் சொல்கிற கூடுதல் சம்பளம் வேண்டாம்’ என்று தானாக எழுதிக்கொடுப்பானா? பத்திரிகை அலுவலகங்களில் எழுதிக்கொடுத்தார்கள். எழுத வைத்தார்கள். ஊரில் நடக்கும் கொத்தடிமைத்தனத்தைப் பற்றிக் காலையில் தலையங்கம் எழுதிய கை, மாலையில் எச்.ஆர். அறையில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது.

2017 ஜூன் 19ல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் தீர்ப்பு வந்தது. வாரியச் சம்பளத்துக்குக் குறைவாகக் கொடுக்க 20(ஜே)யைச் சாக்காகச் சொல்லக் கூடாது, ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் முதலாளிகள் வேண்டுமென்றே அவமதிக்கவில்லை, பரிந்துரையைத் தங்களுக்குத் தோன்றியபடி புரிந்துகொண்டார்கள் என்று விட்டுவிட்டது. பட்ஜெட் வந்த அரை மணி நேரத்தில் நிதி மசோதாவின் மூலை முடுக்கையெல்லாம் அலசி மக்களுக்கு விளக்குகிற நிறுவனங்கள் அவை. தன் ஊழியரின் சம்பளத்தைப் பற்றிய பத்திகள் மட்டும் அவர்களுக்குப் புரியாமல் போய்விட்டன, பாவம்.

டிவிக்காரர்கள் இந்தச் சண்டையிலும் இல்லை. 1955 சட்டத்தின் கண்ணுக்குப் பேப்பர்தான் ஊடகம். 1993ல் சன் டிவி வந்தது, வரிசையாக மற்றவை வந்தன. வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று லைவ் கொடுத்த நிருபர் அந்தச் சட்டப்படி பத்திரிகையாளரே இல்லை. 2020ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு டிவியையும் இணையத்தையும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் சேர்த்தது. சேர்த்த கையோடு பழைய சட்டத்தையும் ஊதிய வாரியத்தையும் வழித்துப் போட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது அமல். பந்தியில் இடம் போட்டுவிட்டு இலையை எடுத்துக்கொண்ட கதை. இதைப் பற்றி எந்தச் சேனலில் எத்தனை நிமிஷம் விவாதம் நடந்தது என்று வேண்டுமானால் யாராவது முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யலாம். ஆய்வேடு சீக்கிரம் முடிந்துவிடும்.

இப்போது படித்து முடித்து வெளியே வரும் பிள்ளையைப் பார்ப்போம்.

முதலில் இன்டர்ன்ஷிப். ஒரு மாதமோ இரண்டு மாதமோ. சம்பளம் கிடையாது. பஸ் காசு நம்முடையது, சாப்பாடும் நம்முடையது. கல்லூரி அந்த மாதத்துக்கும் பீஸ் வாங்கியிருக்கும். வைவா எடுக்கப் போன இடத்தில் ஒரு பையனிடம் கேட்டேன்.

“இன்டர்ன்ஷிப்ல என்னப்பா செஞ்ச?”

“சார், பிரஸ் மீட் வீடியோ வரும் சார். முழுசா கேட்டு டைப் பண்ணிக் குடுப்பேன் சார்.”

“வெளியில அனுப்புனாங்களா?”

“ஒரு நாள் அனுப்புனாங்க சார். கேமராமேன் அண்ணாகூட. ட்ரைபாட் தூக்கினேன் சார்.”

“ஏதாவது கேள்வி கேட்டியா?”

பையன் பக்கத்தில் நின்ற வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் என்னைப் பார்த்துச் சொன்னார்: “ரொம்ப டிசிப்ளினான பையன் சார்.”

அந்தச் சான்றிதழ் ஒன்று போதும், அவனுக்கு எந்தச் சேனலிலும் வேலை நிச்சயம்.

வேலை என்றால் இப்போது பெரும்பாலும் டிஜிட்டல் டெஸ்க். எனக்குத் தெரிந்த ஒரு பெண், வீட்டில் முதல் பட்டதாரி, இதழியல் அறம் பேப்பரில் வகுப்பிலேயே அதிக மார்க். காலை ஆறு மணி ஷிஃப்ட். சுவரில் ஒரு பெரிய திரை, அதில் எந்தச் செய்திக்கு எத்தனை பேர் என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். ஷிஃப்டுக்கு இத்தனை செய்தி என்று டார்கெட். ஒரு நடிகை கோயிலுக்குப் போனார், சாமி கும்பிட்டார், திரும்பி வந்தார். இவள் அப்படியே எழுதினாள். மேலே இருப்பவர் தலைப்பை மாற்றினார்: ‘கோயிலுக்குப் போன பிரபல நடிகை... அடுத்த நொடியே நடந்த சம்பவம்! பகீர் வீடியோ’. சம்பவம் என்னவென்றால் அவர் செருப்பைக் கழற்றினார். செய்தி கூகுள் டிஸ்கவரில் ஏறிவிட்டது. அலுவலகத்தில் கைதட்டல். அந்த வாரக் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார்கள். சம்பளம் எட்டாம் தேதி வர வேண்டியது இருபதாம் தேதி வந்தது. இதற்கு மட்டும் ‘பகீர்’ தலைப்பு கிடையாது.

திரையில் வரும் வேலைக்கும் அவள் போய்ப் பார்த்தாள். குரல் நன்றாக இருக்கிறது, உச்சரிப்பு சுத்தம், ‘ஸ்க்ரீன் பிரசன்ஸ்’ மட்டும் கொஞ்சம் குறைவு என்றார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த வார்த்தைக்கு அகராதி தேவையில்லை. பெண் கறுப்பு. கறுப்பர்கள் ஊரில், கறுப்பர்கள் பார்க்கிற டிவியில், கறுப்பர்கள் அனுப்புகிற கேபிள் காசில் நடக்கும் நிலையம்.

2023ல் இந்தியா டுடே குழுமம் ‘சனா’ என்றும், ஒடிசாவின் ஓ.டி.வி. ‘லிசா’ என்றும் ஏ.ஐ. செய்தி வாசிப்பாளர்களை அறிமுகப்படுத்தின. வெளுத்த முகம், லீவு கேட்காது, பிரசவ விடுப்பு கேட்காது, இரவு ஷிஃப்டுக்கு வண்டி கேட்காது, எழுதிக்கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாது. எல்லோரும் வியந்தார்கள். எனக்கு வியப்பாக இல்லை. முதலாளிகள் இத்தனை வருஷமாக விஸ்காம் துறைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தது இந்தப் பிள்ளையைத்தான்.

சென்னையில் இடம் கிடைக்காதவன் ஊருக்குத் திரும்புகிறான். மாவட்டச் செய்தியாளர், இல்லையென்றால் தாலுகா செய்தியாளர். கேட்பதற்கு கலெக்டருக்கு அடுத்த பதவி போல இருக்கும். சில இடங்களில் லோகோ போட்ட மைக்குக்கும் அடையாள அட்டைக்கும் இவன்தான் டெபாசிட் கட்ட வேண்டும். சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, அதுவும் ஒளிபரப்பானால்தான். வண்டி, பெட்ரோல், செல்போன் எல்லாம் சொந்தம். தீபாவளிக்கு, ஆண்டு மலருக்கு, தலைவர் பிறந்த நாளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் கவுன்சிலரின் ஆக்கிரமிப்பைப் படம் பிடித்தவன் மாலையில் அதே கவுன்சிலர் வீட்டு வாசலில் ‘அண்ணே, கால் பக்கம் வாழ்த்து’ என்று நிற்க வேண்டும். பிரஸ் மீட்டில் கொடுக்கும் கவரை வாங்குகிறான் என்று பிறகு ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கும்.

நானும் சிரித்திருக்கிறேன். கவர் வாங்குவது கேவலம்தான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் தேர்தல் சமயத்தில் வேட்பாளரிடம் பேக்கேஜ் பேசி, விளம்பரத்தைச் செய்தி என்று போட்டு மொத்தமாக வாங்கியவர்களை யார் பார்த்துச் சிரித்தார்கள்? 2009 தேர்தல்களில் நடந்த இந்தப் பணச் செய்தி வியாபாரத்தைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி அம்பலமாக்கினார். இந்தியப் பிரஸ் கவுன்சில் இரண்டு பேர் குழு போட்டது. பரஞ்சோய் குஹா தாகுர்த்தாவும் கே.சீனிவாச ரெட்டியும் பத்திரிகைப் பெயர்களோடு 71 பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். 2010ல் கவுன்சில் பெயர்களை உருவிவிட்டு ஒரு குட்டி அறிக்கையை வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வருவதற்குத் தகவல் ஆணையம் உத்தரவு போட வேண்டியிருந்தது. தாலுகா நிருபர் வாங்கும் ஐந்நூறு ரூபாய்க்குப் பெயர் லஞ்சம். மேலே வாங்குவதற்குப் பெயர் ரெவின்யூ மாடல்.

அந்தத் தாலுகா நிருபர் கவர் வாங்காமல் உண்மையிலேயே வேலை பார்த்தால் என்ன ஆகும்? 2024 ஜனவரியில் பல்லடம் பக்கத்தில் ஒரு டிவி நிருபரை மர்ம நபர்கள் பின்தொடர்ந்தார்கள். அவர் போலீஸுக்குப் போன் செய்தார். மறுபடி மறுபடி செய்தார். போனில் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அரிவாளோடு வந்து வெட்டினார்கள். அந்த ஆடியோவைத் தமிழ்நாடே கேட்டது. சத்தீஸ்கரின் பஸ்தரில் முகேஷ் சந்திராகர் என்ற நிருபர், சாலை போட்டதில் நடந்த ஊழலைச் சொன்னார். 2025 ஜனவரியில் ஒப்பந்தக்காரரின் இடத்தில், புதிதாகச் சிமெண்ட் பூசிய செப்டிக் டேங்குக்குள் அவர் உடல் கிடைத்தது. இவர்களைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு யூனிட் இல்லை. களத்தில் நிருபர் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று கல்லூரி சொல்லித் தருவதில்லை. உயிருக்கு ஒன்று ஆனால் குடும்பத்துக்கு எவ்வளவு என்று நிறுவனமும் சொல்வதில்லை. ‘அவர் எங்கள் நிரந்தர ஊழியர் இல்லை’ என்று ஒரு வரி மட்டும் எல்லா அலுவலகத்திலும் தயாராக இருக்கிறது.

சினிமா கனவோடு வருகிறவர்கள்தான் வகுப்பில் பாதிப் பேர். விளம்பரத்தில் கிளாப் போர்டு இல்லாத விஸ்காம் உண்டா? மணிரத்னம் எம்.பி.ஏ. படித்தவர். கார்த்திக் சுப்புராஜ் இன்ஜினீயரிங். மாரி செல்வராஜ் சட்டக் கல்லூரி. பா.இரஞ்சித் கவின்கலைக் கல்லூரி. லோகேஷ் கனகராஜ் வங்கியில் வேலை பார்த்தவர். விஸ்காமிலிருந்தும் நல்ல ஆட்கள் போயிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களை உருவாக்கியது அந்த மூன்று கேமராக்கள்தான் என்று வேந்தர் மேடையில் பேசும்போது அந்த டைரக்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மிச்சப் பேருக்குக் கல்யாணம் இருக்கிறது. அதாவது மற்றவர்களின் கல்யாணம். கேண்டிட், ப்ரீ வெட்டிங், ட்ரோன், சீமந்தம், மஞ்சள் நீராட்டு. இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை முன்பணம் கொடுக்கும் ஒரே ஆள் பெண்ணின் அப்பாதான். பாக்கியையும் மண்டபத்தைக் காலி செய்வதற்கு முன்னால் எண்ணி வைத்துவிடுகிறார். எந்த எடிட்டரிடமும் இந்த நாணயத்தை நான் கண்டதில்லை. இன்னும் சிலர் கட்சி ஐ.டி. விங்குக்குப் போகிறார்கள். மூன்று வருஷம் படித்த பிரச்சாரக் கோட்பாடு முழுசாகப் பயன்படும் இடம் அது ஒன்றுதான்.

படிப்பு மேல் ஆசை விடாதவர்கள் எம்.ஏ. முடித்து, நெட் எழுதி, 63ஆம் நம்பர் பாடத்தில் பாஸாகி, முனைவர் பட்டமும் வாங்குகிறார்கள். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனால் மாதம் 25,000 ரூபாய். 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019லேயே சொல்லிவிட்டது. சுயநிதிக் கல்லூரிக்குப் போனால் அந்த 25,000மும் கனவு. அவர்கள்தான் அடுத்த வருஷம் வகுப்பறையில் நின்றுகொண்டு ‘ஊடகத் துறையில் வாய்ப்புகள்’ என்று பவர்பாயிண்ட் போடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பசிக்கிறவனைக் கூப்பிட்டு விருந்தைப் பற்றிப் பாடம் எடுக்கச் சொல்கிறவர்கள் மேல்தான் கோபம்.

இத்தனைக்கும் மேலே ஏறிப் போய் உட்காருகிறவர்கள் யார் என்று பார்த்தால் அங்கே இன்னொரு கணக்கு. 1996ல் பி.என்.உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை, அதையே கட்டுரையாக எழுதினார். 2019ல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து மறுபடி எண்ணிப் பார்த்தன. பார்த்த 121 தலைமைப் பதவிகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியிலிருந்தோ பழங்குடியிலிருந்தோ ஒருத்தரும் இல்லை. இருபத்து மூன்று வருஷ இடைவெளி, அதே பதில். இதில் கல்லூரிக்குப் பங்கில்லையா? லட்சத்தில் பீஸ், ஆறு மாதம் சும்மா வேலை பார்க்கத் தெம்பு, சென்னையில் அறை எடுக்க அப்பா காசு, ஆங்கிலத்தில் ஒரு பயோடேட்டா. இந்த நான்கும் உள்ளவன் உள்ளே போகிறான். இல்லாதவன் லோகோ மைக்குக்கு டெபாசிட் கட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே லாஸ்வெல்லைத்தான் படித்தார்கள்.

போன வருஷம் ஒரு தன்னாட்சிக் கல்லூரி என்னைப் பாடத்திட்டக் குழுவுக்குத் ‘தொழில்துறை நிபுணர்’ என்று கூப்பிட்டது. ஏ.சி. அறை, பாதாம் பால், முந்திரி பிஸ்கட். நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். இரண்டு கிரெடிட்டில் ஒரு பேப்பர் வையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எதைப் படிக்க வேண்டும், சம்பளச் சீட்டில் பி.எஃப். எங்கே இருக்க வேண்டும், வேலையை விட்டுத் தூக்கினால் எங்கே போய்க் கேட்க வேண்டும், சங்கம் என்றால் என்ன, பெண்களுக்கு உள்ளகப் புகார்க் குழு எங்கே இருக்கும், களத்தில் மிரட்டினால் யாரிடம் சொல்ல வேண்டும். பாடம் நடத்த நானே வருகிறேன், காசு வேண்டாம் என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. துறைத் தலைவர் பிஸ்கட் தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். பல்கலைக்கழகப் பிரதிநிதி, “நல்ல பாயிண்ட்தான். ஆனா இதெல்லாம் சோஷியல் ஒர்க் டிபார்ட்மென்ட்ல வருமே?” என்றார். இன்னொருவர், ஸ்டூடண்ட்ஸை நெகட்டிவாகத் தயார் செய்யக் கூடாது என்றார். அந்த இரண்டு கிரெடிட்டுக்கு ‘இன்ஃப்ளூயன்சர் மார்க்கெட்டிங்’ ஒருமனதாக நிறைவேறியது.

சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். பீரோவுக்குள் இருந்த அந்த கேமரா அன்றைக்கு வெளியே வந்திருந்தது. வாசல் வரை கூடவே வந்த முதல்வர், கார் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“சார், உங்க ஆபீஸ்ல இந்த வருஷம் ஒரு பத்து பசங்களுக்கு இன்டர்ன்ஷிப் போட்டுக் குடுக்க முடியுமா? ஸ்டைபெண்ட் எல்லாம் வேணாம் சார். சர்டிபிகேட் மட்டும் போதும்.”